களத்தம்மா புள்ள

ஒரு விசில் ஊதினால் பேருந்து நிற்க வேண்டும்; இரண்டு ஊதினால் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த வருடம் எங்கள் ஊர் முக்கில் நின்றபடி நான் அதிகமாகக் கேட்டது இரண்டு விசிலைத்தான். தாராபுரத்திலிருந்து காங்கேயம் போகிற அந்த அரசுப் பேருந்து காலை எட்டு மணி சுமாருக்கு மேடேறி வரும். முதலில் அதன் நெற்றி தெரியும், அப்புறம் கண்ணாடி, அப்புறம் முன்படியில் ஒரு காலை வைத்து வெளியே எட்டிப் பார்க்கும் நடத்துநரின் முகம். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, வெயிலில் கறுத்த ஒல்லியான முகம். அவர் எங்களைப் பார்க்காதது போலெல்லாம் இருக்க மாட்டார், நன்றாகவே பார்ப்பார். நிற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான் என்று தெரிந்ததும் விசில் இரண்டு முறை ஒலிக்கும். ஓட்டுநர் கியரை மாற்றுவார். நீட்டிய கையை மடக்கக்கூடத் தோன்றாமல் நாங்கள் புழுதிக்குள் நிற்போம்.

அந்த நடத்துநரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அம்மாவைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது என்று தெரியும். அம்மாவைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இவ்வளவு காலம் தள்ளிப் போயிற்று.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காங்கேயத்துக்குத்தான் போக வேண்டும். எனக்கு முன்னால் எங்கள் தெருவிலிருந்து எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. எட்டாவது முடித்தால் ஊரை ஒட்டியிருந்த தேங்காய்க் களம், இல்லாவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனி. அப்பா கிணறு வெட்டும் வேலையில் இடுப்பில் அடிபட்டு, கனமான வேலை எதற்கும் போக முடியாமல் நாலைந்து ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். வீடு நடந்தது அம்மாவால். களத்தில் காய் உடைப்பது, உடைத்த மூடிகளை வெயிலில் பரப்புவது, காய்ந்த பருப்பைத் தோண்டி எடுப்பது, மழை மேகம் கண்டால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடுவது என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அவள் அங்கேதான் இருந்தாள். அவள் உடம்பிலிருந்தும் சேலையிலிருந்தும் தேங்காய் எண்ணெயும், பருப்பு பூசணம் பிடிக்காமலிருக்கப் போடும் கந்தகப் புகையும் கலந்த ஒரு வாசனை எப்போதும் வந்துகொண்டிருக்கும். குளித்தாலும் போகாது.

எட்டாவது முடித்த கோடை விடுமுறையில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல், சைக்கிளைப் பிடித்தபடியே அம்மாவிடம் சொன்னார்: "புஸ்தகம் இனாமுங்க. மத்தியானச் சோறு இனாமுங்க. இப்ப பஸ்ஸுக்கும் கவர்மெண்டே பாஸ் குடுக்குது. உங்களுக்கு ஒரு செலவும் இல்லீங்க. புள்ளைய அனுப்பி மட்டும் வைங்க." அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் அல்ல. ஆனால் ஒருவர் வீடு தேடி வந்து சொன்ன சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். அவளுக்கு அது திட்டமோ அரசாணையோ இல்லை. தன்னிடம் நேரில் கொடுக்கப்பட்ட வாக்கு. அப்பா தயங்கியபோதெல்லாம் அவள் அதையே திருப்பிச் சொன்னாள்: "கவர்மெண்டு வரச் சொல்லீருக்குது. நாம போகாம இருந்தாத்தான் தப்பு."

என்னோடு சேர்ந்தவள் பக்கத்துத் தெருத் தோழி ஒருத்தி மட்டும். இரண்டு பேரும் காங்கேயத்தில் ஸ்டூடியோவுக்குப் போய் முதன்முதலாகப் போட்டோ எடுத்துக்கொண்டோம். சில வாரங்கள் கழித்து அந்தப் போட்டோவை ஒட்டி, பாதி என் கன்னத்திலும் பாதி அட்டையிலும் விழும்படி முத்திரை குத்திய பாஸ் கைக்கு வந்தது. அன்று அம்மா அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். களத்துக்கும் எடுத்துப் போய்க் கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்டினாள். திரும்பி வந்தபோது அட்டையின் ஓரத்தில் எண்ணெய் விரல் ஒன்று பதிந்திருந்தது. நான் அதற்காக அவளிடம் சண்டை போட்டேன்.

பாஸ் வந்ததற்குப் பிறகுதான் பேருந்து நிற்காமல் போகத் தொடங்கியது. அதற்கு முன் சில்லறை கொடுத்துப் போன நாட்களில் அது ஒழுங்காகவே நின்றது. இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. சென்னையில் யாரோ கையெழுத்திட்ட உத்தரவு எத்தனையோ அலுவலகங்களைத் தாண்டி, எத்தனையோ மேசைகளில் காத்திருந்து, எங்கள் ஊர் முக்குவரை வந்துவிட்டது. அங்கிருந்து பேருந்துப் படி வரைக்கும் உள்ள நாலடி தூரத்தைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை.

பெரியவர்கள் யாராவது எங்களோடு நின்றால் வண்டி நிற்கும் என்பதை நாங்கள் சீக்கிரமே கண்டுகொண்டோம். சந்தைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்று யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தபடி நிற்போம். வேட்டி கட்டிய ஓர் ஆள் வந்துவிட்டால் போதும், அன்றைக்குச் சாமியே வந்த மாதிரி. யாரும் வராத நாட்களில் பாஸ் செல்லுகிற அடுத்த அரசு வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். அதுவும் நிற்குமா என்பது நிச்சயமில்லை. பள்ளிக்கூடத்தில் தாமதமாகப் போனால் வெளியே நிற்க வேண்டும். அதோடு வகுப்பு ஆசிரியைக்குக் காரணம் சொல்லிக் கடிதம் எழுதித் தர வேண்டும். 'எங்கள் ஊரில் பேருந்து நிற்காததால்' என்று எத்தனை கடிதம் எழுதியிருப்பேனோ தெரியாது. அவர் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்.

ஆடி மாதம் என் தோழி நின்றுவிட்டாள். "தெனமும் ரோட்ல நின்னுட்டுத் திரும்பி வர்றதுக்குத் திருப்பூருக்குப் போனா நாலு காசாவது வரும்" என்று அவள் வீட்டில் முடிவு செய்தார்கள். பனியன் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. அந்த வேன் எங்கள் ஊரில் ஒரு நாளும் நிற்காமல் போனதில்லை.

அதற்குப் பிறகு நான் தனியாக நின்றேன். ஒரு வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன். மூன்றாம் நாள் அப்பா ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே, "போதும் உடு. புள்ளைய ரோட்ல நிக்க வெச்சு வேடிக்கை காட்ட வேண்டாம்" என்றார். மறுநாள் காலை கையில் ஒரு காலிக் கூடையோடு அம்மா என்னுடன் முக்குக்கு வந்தாள். மேட்டில் பேருந்து தெரிந்ததும் சந்தைக்குப் போகிறவளைப் போலக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையை நீட்டினாள். வண்டி நின்றது. நான் ஏறினேன். அவள் ஏறவில்லை. வண்டி கிளம்பியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு களத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

இரண்டாம் நாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் நடத்துநர் படியிலிருந்து கீழே இறங்கிவிட்டார்.

"ஏம்மா, ஏர்றதுன்னா ஏறு. இல்லீனா கையைக் காட்டாத. இதென்ன உங்க ஊட்டு வண்டியா?"

"எங்க ஊட்டு வண்டி இல்லீங்க. ஆனா புள்ளைகிட்ட கவர்மெண்டு சீட்டு இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"சீட்டு இருக்குதும்மா, யாரு இல்லைன்னா? ஒவ்வொரு முக்குலயும் பாஸ் புள்ளைகளுக்கு நிறுத்தி நிறுத்திப் போனா, பின்னால வர்ற தனியார் பஸ்ஸுக்காரன் முன்னால போயிர்றான். வசூல் கொறைஞ்சா டெப்போவுல நான் பதில் சொல்லோணும். இந்தப் புள்ளை பள்ளிக்கூடம் போகலீனா எங்கிட்ட எவன் கேக்கப் போறான்?"

அவர் அதைத் திமிராகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற அலுப்போடுதான் சொன்னார். அம்மா, "அப்ப டிக்கெட்டு எடுக்கற ஆளு ஏறுனா நிறுத்துவீங்களா?" என்று கேட்டாள். "தாராளமா" என்றார் அவர். அம்மா கூடையோடு ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அம்மா என்னோடு பேருந்தில் ஏறினாள். அடுத்த நிறுத்தத்துக்கு ஒரு டிக்கெட் எடுப்பாள். அங்கே இறங்கி, இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்து களத்துக்குப் போவாள். அவள் வருகிற வரைக்கும் அவள் பங்குக் காயை மற்றப் பெண்கள் உடைத்துவைப்பார்கள். அதற்கு ஈடாக, சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு இவள் தனியாக நின்று பருப்பை அள்ளிக் குவித்துப் பாய் போட்டு மூடிவிட்டு வருவாள். மூன்று வாரம் இப்படி நடந்தது. நடத்துநர் ஒரு வார்த்தை பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வாள். அவர்களுக்குள் யார் முதலில் சலித்துப் போவார்கள் என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார் போலத் தோன்றும்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது. அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இல்லை. அம்மா பேருந்துக்குள் வந்ததும் அந்த வாசனையும் கூடவே வரும். சிலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். களத்து வேலைக்குக் கட்டும் சேலை, முழங்கை வரை மடித்துவிட்ட அப்பாவின் பழைய சட்டை, பொருக்குத் தட்டிய உள்ளங்கை. நானோ நீலப் பாவாடையும் வெள்ளைத் தாவணியுமாக, இரட்டைச் சடையில் ரிப்பனோடு இருந்தேன். ஏறியதும் கூட்டத்துக்குள் புகுந்து அம்மாவிடமிருந்து நாலு ஆள் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். அவளும் பக்கத்தில் வர மாட்டாள். எனக்கு அது அவளுக்குத் தெரியாமல் நடப்பதாகவே அப்போது நினைப்பு.

என் வகுப்பில் படித்த ஒருத்தி அதே பேருந்தில் முன்னாலேயே ஏறி வருவாள். எண்ணெய் ஆலை வைத்திருக்கிற வீட்டுப் பெண். நல்லவள்தான்; எனக்கு உட்கார இடம் பிடித்து வைப்பாள். ஒரு நாள் கூட்டம் அதிகம். எப்படியோ நெரிசலில் அம்மா எங்கள் இருக்கைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்படி ஆகிவிட்டது. நடத்துநர் அவளுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என் காதருகே குனிந்து, ஆனால் அப்படி ஒன்றும் சின்னக் குரலில் இல்லாமல், "தெனமும் உன்னோடவே ஏறுதே, இந்தம்மா யாரு?" என்று கேட்டாள்.

"எங்க ஊருதான். பக்கத்து ஊட்டுல இருக்குது" என்றேன்.

அம்மாவுக்குக் கேட்டது. அவள் வேறு பக்கம் திரும்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். நடத்துநருக்கும் கேட்டது. டிக்கெட்டைக் கிழித்த கை அப்படியே நிற்க, அவர் என்னைப் பார்த்தார். ஊர் முக்கில் நான் நிற்கும்போது பார்ப்பதைப் போல அல்ல. முதல் முறையாக ஓர் ஆளைப் பார்ப்பது போல. அடுத்த நிறுத்தம் வந்தது. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் தலையைக் குனிந்து பாடப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன். அன்று மாலை வீட்டில் அவள் எப்போதும் போலவே இருந்தாள். சோறு போட்டாள், கணக்குப் பாடம் புரிகிறதா என்று கேட்டாள், வாசலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பேருந்து எங்கள் ஊர் முக்கில் நின்றபோது நடத்துநர் இறங்கி, படியில் கால் வைக்கப் போன அம்மாவைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க களத்துக்குப் போங்க. புள்ளைய நான் ஏத்திக்கறேன்."

அதுவரை 'ஏம்மா' என்று பேசியவர் அன்றுதான் 'நீங்க' என்றார். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னைக்கு ஏத்திக்குவீங்க. நாளைக்குங்க?"

"நாளைக்குந்தான். நின்னா எல்லா நாளும் நிக்குமுங்க. போங்க, வேலைக்கு நேரமாச்சு."

அம்மா கூடையோடு அப்படியே நின்றாள். வண்டிக்குள் ஏறிய பிறகு அவர் என்னைப் பார்த்து, முன்படியிலிருந்து பின்படி வரை கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்: "களத்தம்மா புள்ள ஏறியாச்சா? போலாம் ரைட்!"

அந்த எண்ணெய் ஆலை வீட்டுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது. அன்று மட்டும் அல்ல, மறுநாளும், அதற்கு மறுநாளும் அவர் அதையே சொன்னார். என் பேரைக் கேட்கவே இல்லை. களத்தம்மா புள்ள தள்ளி நில்லு, களத்தம்மா புள்ளைக்கு எடம் குடுங்க, களத்தம்மா புள்ள இன்னைக்கு ஏன் பரீட்சை அட்டையோட வருது? நான் ஒரே ஒரு முறை சொன்ன பொய்யை அவர் தினமும் காலையில் எல்லோர் முன்னாலும் திருத்திக்கொண்டிருந்தார். தண்டனை போலத்தான் தொடங்கினார் என்று நினைக்கிறேன். போகப்போக அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. தை மாதம் பிறந்தபோது எனக்கும் பழகிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்திலும் சிலர் அப்படிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் அம்மா சும்மா நம்பிவிடவில்லை. ஒரு வாரம் வரைக்கும், பேருந்து வரும் நேரத்தில் ரோட்டோரக் கிளுவை வேலிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் களத்துக்குப் போயிருக்கிறாள். ஆடு மேய்க்கப் போன அப்பாதான் அதைப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்.

பத்தாவது சேர்ந்த வருடம், பொதுத் தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தபோது, ஒரு நாள் நடத்துநர் என்னிடம் மெல்லிய குரலில், "அம்மாவை நாளைக்கு முக்குக்கு வரச் சொல்லு" என்றார். மறுநாள் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினார். அவரை வேறு தடத்துக்கு மாற்றப் போகிறார்கள். "எனக்கப்பறம் வர்றவன் முன்னால இருந்த என்னை மாதிரித்தான் இருப்பான். நிறுத்த மாட்டான். டெப்போ மேனேஜருக்கு மனு எழுதிக் குடுங்க."

"என்னன்னுங்க எழுதறது?"

"சும்மா பஸ்ஸு நிக்கறதில்லைன்னு எழுதுனா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எந்தத் தேதி, எந்த வண்டி, எந்தக் கண்டக்டர்னு எழுதோணும். போன வருசம் நிறுத்தாமப் போனது நான்தானுங்களே. என்ற நம்பரையே எழுதச் சொல்லுங்க." சட்டையில் குத்தியிருந்த பேட்ஜை விரலால் தட்டிக் காட்டினார். பேருந்துக்குள்ளிருந்து யாரோ நேரமாகிறது என்று கத்தினார்கள். அவர் ஏறி விசிலை ஊதிவிட்டார்.

அன்று வீட்டில் பெரிய யோசனை. அப்பா வேண்டவே வேண்டாம் என்றார். நல்லது செய்த மனிதனின் பிழைப்பில் கை வைப்பதா என்றார். எனக்கும் அதேதான் தோன்றியது. அவர் பேரை விட்டுவிட்டு எழுதலாம் என்றேன். அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டாள். அப்புறம், "அவரு நிறுத்தாத நாளையும் எழுது கண்ணு. நிறுத்துன நாளையும் எழுது. ரெண்டும் நடந்துச்சில்ல" என்றாள்.

ஒன்பதாவதில் இருந்த வகுப்பு ஆசிரியையிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் இழுப்பறையைத் திறந்து, நூல் போட்டுக் கட்டியிருந்த என் பழைய கடிதங்களை எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றிலும் தேதி இருந்தது. அவற்றைப் பார்த்து மனு எழுதினேன். இன்னின்ன தேதிகளில் இந்த எண்ணுள்ள நடத்துநர் வண்டியை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை இதே நடத்துநர் ஒரு நாளும் நிறுத்தாமல் போனதில்லை. இவர் மாறிப் போன பிறகும் வண்டி நிற்க வேண்டும். களத்துப் பெண்கள் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள்.

சனிக்கிழமை அம்மாவும் நானும் பணிமனைக்குப் போனோம். மேலாளர் மனுவை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "என்னங்க இது? ஒரே ஆளு மேல குத்தமும் சொல்லியிருக்கீங்க, நல்லதும் சொல்லியிருக்கீங்க?"

"ரெண்டும் நடந்துதுங்க" என்றாள் அம்மா.

மூன்று நாள் காலையில் ஒரு பரிசோதகர் எங்கள் ஊர் முக்கில் வந்து நின்று பார்த்தார். அடுத்த மாதம் ஓர் இரும்புக் கம்பத்தில் ஊர்ப் பேர் எழுதிய பலகை வந்தது. 'பேருந்து நிற்கும்' என்று கீழே மஞ்சளில் எழுதியிருந்தது. புதிய நடத்துநர் அந்தப் பலகையைப் பார்த்து ஒரு விசில் ஊதினார். பழையவருக்கு மெமோ கொடுத்து விளக்கம் கேட்டார்கள் என்று தெரிய வந்தபோது அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் காங்கேயம் பேருந்து நிலையத்தில் அவரே என்னைக் கண்டு கூப்பிட்டார். "களத்தம்மா புள்ள! எச்சரிக்கை பண்ணி உட்டுட்டாங்க. நீ எழுதுனதுல ரெண்டாவது பாதியைப் படிச்சுட்டுத்தான் உட்டாங்களாம். அம்மாகிட்ட சொல்லு, கவலைப்பட வேண்டாம்னு." சொல்லிவிட்டுத் தன் வண்டியைப் பார்த்து ஓடினார்.

நான் பத்தாவது தேறினேன். அடுத்த ஜூன் மாதம் அந்தப் பலகைக்குக் கீழே தாவணி போட்ட ஐந்து பெண்கள் நின்றார்கள். அதற்கடுத்த பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்த என் தோழி, என்னோடு பேசிக்கொண்டே முக்குவரை நடந்து வந்தவள், பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப நிக்குதா?" என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். "ம்" என்றாள். ஒரு திட்டத்தால் படித்தவர்கள் என்று என்னைப் போன்றவர்களைக் காட்டிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த 'ம்' கேட்கும். அவளுக்கும் அதே பாஸ் இருந்தது. அவள் முகத்திலும் பாதி முத்திரை விழுந்திருந்தது.

நான் இப்போது தாராபுரம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஜூன் மாதத்தில் பாஸ் விண்ணப்பங்களில் கையெழுத்து வாங்குவதும், அவற்றைக் கட்டுக் கட்டாக அனுப்புவதும் என் பொறுப்பு. பாஸ் கொடுத்து முடித்ததும் ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உங்க ஊருல வண்டி நிக்குதா?" சக ஆசிரியர்களுக்கு அது என் கிறுக்குத்தனம். நிற்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையே தேதி போட்டு எழுதித் தரச் சொல்வேன்.

போன வருடம் குடும்ப அட்டையில் ஒரு திருத்தம் செய்வதற்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் முன்னால் நின்றவர்களிடம் அம்மா, "ஏனுங்க, இந்தச் சன்னல்லதானுங்களா மனு வாங்கறது?" என்று கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். பேத்திக்கு வருமானச் சான்று வாங்க வந்தவர். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"களத்தம்மாங்களா?" என்றார்.

அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். அவருக்கு மூட்டு வலி. அம்மாவுக்கும் மூட்டு வலி. மெமோவை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். "புள்ள என்ன பண்ணுதுங்க?" என்று அவர் கேட்டபோது அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவதானுங்க. டீச்சரா இருக்கறா." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெகு நாளைக்கு முன்பு பேருந்துக்குள் பார்த்தது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியாது. எனக்கு இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருடமும் சொல்லாததை அன்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் பஸ்ஸில் ஒருத்தி கேட்டபோது நான் உன்னைப் பக்கத்து வீட்டம்மா என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "அது என்ற தப்புதான் கண்ணு" என்றாள். "எண்ணெ நாத்தம் புடிச்ச சீலையோடவே வந்து உம் பக்கத்துல நின்னுட்டேன். சின்னப் புள்ள, உனக்குக் கூச்சமா இருக்காதா? அதுக்குத்தான் அடுத்த நாளு, கோயிலுக்குக் கட்டற பச்சைச் சீலையைக் கட்டிட்டு, பூ வெச்சுட்டு வந்தேன். பாவம், அன்னைக்கின்னு பாத்து அந்தக் கண்டக்டரு என்னை ஏற உடாம அனுப்பிப் போட்டாரு." என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "நீ பாக்கலையா?"

அந்தக் காலையை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நடத்துநர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அம்மா என்ன உடுத்தியிருந்தாள் என்பது மட்டும் நினைவில் இல்லை. நான் பார்க்கவே இல்லை.